சேலம், ஏற்காடு பக்கம் கஞ்சா, மாத்திரை, சாராயம்: நேரில் கண்டதை மட்டும் எழுதுங்கள்

சூரமங்கலத்தான்

பேப்பரில் வந்ததை வெட்டி ஒட்ட வேண்டாம். 'என் ஃபிரண்டுக்கு ஃபிரண்டு சொன்னான்' கதையும் வேண்டாம். உங்கள் வீட்டில், கடையில், வண்டியில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். ஆள் பெயர், கடை பெயர், ஸ்டேஷன் பெயர் எதுவும் வரக் கூடாது. எங்கே கிடைக்கும், என்ன விலை என்று எழுதினால் அந்தப் பதிவைத் தூக்கிவிடுவேன்.

நானே தொடங்குகிறேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சேலம் ஜங்ஷன் வழியாகப் போகும் தன்பாத் – ஆலப்புழா எக்ஸ்பிரஸ் பெயரைக் கேட்டாலே ஊரில் சிலர் ஒரு மாதிரி சிரிப்பார்கள். அந்த வண்டியில் கஞ்சா பிடிபட்ட செய்தி அத்தனை முறை வந்திருக்கிறது. ஒருமுறை காட்பாடியில் அதில் ஏறி ஊருக்கு வந்துகொண்டிருந்தேன். பொதுப் பெட்டியில் கால் வைக்க இடமில்லை. பொம்மிடி தாண்டியதும் சாதா உடையில் நாலைந்து பேர் டார்ச் அடித்துக்கொண்டு வந்தார்கள். கழிப்பறைக்குப் பக்கத்துச் சீட்டுக்கு அடியில் இரண்டு பள்ளிக்கூடப் பைகள். 'இது யாருது?' என்று தமிழில் கேட்டார்கள், இந்தியில் கேட்டார்கள். மொத்தப் பெட்டியும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தது. வெளியே கும்மிருட்டு, பார்க்க ஒன்றுமே இல்லை.

பையைத் திறந்ததும் முதலில் அடித்தது அந்துருண்டை வாசனை. அப்புறம்தான் அதற்கு அடியிலிருந்து இன்னொரு வாடை வந்தது. பழுப்பு டேப் இறுக்கிச் சுற்றிய பொட்டலங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள், ஊர் பெயர் கேட்டார்கள். சேலத்தில் பை இறங்கியது. பைக்காரன் இறங்கவில்லை, அல்லது எங்களோடு சேர்ந்து சாதுவாக இறங்கிப் போனான். 'கேட்பாரற்றுக் கிடந்த பை' என்று மறுநாள் பேப்பரில் இரண்டு வரி.

அந்த வண்டி ஒடிசாவின் ராயகடா, ஆந்திராவின் விஜயநகரம், விசாகப்பட்டினம் வழியாக வருகிறது. கஞ்சா பெருமளவில் பயிராவது அந்தப் பக்கத்து மலைகளில்தான்: மல்கான்கிரி, கோராபுட், இப்போது அல்லூரி சீதாராமராஜு மாவட்டம் என்கிறார்களே அந்தப் பாடேரு வட்டாரம். 2021இல் ஆந்திரா போலீஸ் 'பரிவர்த்தனா' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான ஏக்கரை அழித்தது. 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி பக்கம் சுமார் 2 லட்சம் கிலோவைக் குவித்துத் தீ வைத்தார்கள். அப்படியும் வருகிறது. ஆனால் நம்மூர் டீக்கடையில் யாரைக் கேட்டாலும் 'ஏற்காட்டு மலையில விளையுதுங்க' என்பார்கள். அங்கே தோட்டத்தைக் கண்ணால் பார்த்தவர் யாராவது இருந்தால் முதலில் அவர் எழுதட்டும்.

குப்பனூர் ரோடு

நான் பார்த்ததில்லை. எனக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம், வாடகைக்கு விட இரண்டு காட்டேஜ். பிறந்து வளர்ந்தது மலையில். காப்பி, மிளகு, ஆரஞ்சு, சில்வர் ஓக் மரம், இதுதான் தெரியும்.

சனிக்கிழமை மதியம் பெங்களூரிலிருந்து பையன்கள் வருவார்கள். சாவியைக் கையில் வாங்கும்போதே ஒருத்தன் குரலைத் தாழ்த்துவான்: 'அண்ணா, இங்க லோக்கல் பொருள் சூப்பரா இருக்குமாமே, கிடைக்குமா?' 'மிளகு இருக்கு தம்பி, காப்பிக்கொட்டை இருக்கு, கால் கிலோ போடட்டுமா?' என்பேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும். திங்கட்கிழமை கூட்டுகிற அம்மா முறத்தில் அள்ளிக்கொண்டு வந்து காட்டுவார். நீளமான சுருட்டுத் தாள், அறுத்த தண்ணீர் பாட்டில், சின்னச் சின்ன அட்டைச் சுருள். ஒருநாள் அந்தச் சுருளைப் பிரித்துப் பார்த்தேன். எங்கள் காட்டேஜ் விசிட்டிங் கார்டு. ஃபில்டருக்காகக் கிழித்திருக்கிறார்கள். என் போன் நம்பர் பாதி கருகியிருந்தது.

எனக்குக் கோபம் அவர்கள்மேல்கூட இல்லை. மே மாதம் கோடை விழா நெருங்கும்போது சோதனை நடக்கும். அப்போது முதலில் புரட்டப்படுவது மலையாளி ஜனங்களின் வீடு. (கீழ்நாட்டுக்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இவர்கள் கேரளாக்காரர்கள் இல்லை. இந்த மலையின் பழங்குடிகள், தமிழ் பேசுகிறவர்கள்.) காட்டேஜில் புகைத்தவன் ஞாயிற்றுக்கிழமையே காரில் கிளம்பியிருப்பான்.

இன்னொரு கொடுமையும் சேர்ந்திருக்கிறது. ஏரிப் பக்கம் கைடு வேலை, குதிரைச் சவாரி என்று நிற்கிற நம்ம பையன்களிடம் 'வாங்கிட்டு வந்து குடு, டிப்ஸ் தர்றேன்' என்கிறார்கள். பையன் பைக்கை எடுத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் போகிறான், வாங்கிக்கொண்டு ஏறுகிறான். வழியில் பிளாஸ்டிக் கவரைத் தேடலாம், பாட்டிலைத் தேடலாம். ஜட்டிக்குள் இருக்கும் பொட்டலத்தை எந்தச் செக்போஸ்ட் தேடும்? மாட்டினால் மாட்டுவது அந்தப் பையன்தான். எங்களுக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளை ஒருவன் அப்படித்தான் உள்ளே போனான். படிப்பு நின்றது. வெளியே வந்தபின் தோட்ட வேலைக்குக்கூட யோசித்துத்தான் கூப்பிடுகிறார்கள். அதனால் விளைகிறது என்று எழுதாதீர்கள். ஏறுகிறது என்று எழுதுங்கள்.

சங்ககிரி ஸ்டியரிங்

ரயிலை மட்டும் சொன்னால் ரோடு கோபித்துக்கொள்ளும். நான் லாரி டிரைவர். விசாகப்பட்டினம், ராயகடா பக்கம் லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் நேரம்தான் ஆபத்தான நேரம். ராஜமுந்திரி தாண்டி ஒரு தாபாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வண்டி நம்பரைப் பார்த்துவிட்டு ஒருவர் வந்தார், நல்ல தமிழ். 'சங்ககிரிங்களா? நம்ம பக்கந்தான் போங்க. பில்லு நான் குடுத்துட்டேன்.' பத்து நிமிஷம் குடும்பக் கதை பேசினார். அப்புறம் மெதுவாக, 'ரெண்டு மூட்டை புளி இருக்கு, தொப்பூர் தாண்டினதும் நம்மாளு வந்து எறக்கிக்குவான்' என்றார்.

அந்தப் பக்கம் புளி நிஜமாகவே நல்ல சரக்கு. மலைச் சந்தையில் மலிவாக வரும், பலர் ஏற்றி வருவார்கள். சொன்ன வாடகையில்தான் குட்டு உடைந்தது. என் ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல். ரெண்டு மூட்டை புளிக்கு அவ்வளவு கொடுத்துவிட்டு அந்தப் புளியில் எத்தனை ரசம் வைப்பார்? கிளீனரைத் தேடுகிற மாதிரி எழுந்து போய் வண்டியை எடுத்துவிட்டேன்.

என்னோடு ஓடிய ஒருவர் ஏற்றினார். மகள் கல்யாணக் கடன் இருந்தது. டேங்கர் கேபினுக்குப் பின்னால் ரகசிய அறை செய்வது, தேங்காய் லோடுக்கு அடியில் வைப்பது எல்லாம் பெரிய கூட்டத்தின் வேலை. இவர் பாவம், சீட்டுக்குப் பின்னால் கட்டுப் போர்வைக்கு அடியில் வைத்திருந்தார். நாய்கூடத் தேவைப்படவில்லை. எடை இருபது கிலோவுக்கு மேல் போனது. ஜாமீனுக்கு அலைந்து அலைந்து வீட்டில் இருந்த நகை போனது. லாரி ஓனர் வேறு ஆள், அவருக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய வண்டி ஸ்டேஷன் ஓரத்தில் நிற்கிறது. டயரெல்லாம் மண்ணில் அமுங்கி, ரேடியேட்டர் சந்தில் ஒரு வேப்பங்கன்று முளைத்து முழங்கால் உயரம் வந்துவிட்டது. ஃபைனான்ஸ்காரன் மட்டும் மாதாமாதம் ஞாபகமாகப் போன் செய்கிறான்.

கோர்ட் வளாகம்

வக்கீல் என்ற முறையில் சில வார்த்தை. 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாவுக்கு ஒரு கிலோவுக்குக் கீழே சிறிய அளவு. அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதிலிருந்து இருபது கிலோ வரை என்றால் பத்தாண்டு வரை. இருபது கிலோவைத் தாண்டினால் வணிக அளவு: குறைந்தது பத்து ஆண்டு, அதிகபட்சம் இருபது, அபராதம் ஒரு லட்சத்திலிருந்து தொடக்கம். வணிக அளவில் ஜாமீன் கேட்டால், இவர் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்கே தோன்ற வேண்டும், 37ஆம் பிரிவு. நகை போனது அதனால்தான்.

'பைக்குள்ள என்ன இருந்துச்சுன்னே தெரியாதுங்க' என்று எல்லாக் கட்சிக்காரரும் சொல்வார்கள். மற்ற வழக்கு மாதிரி இல்லை இது. தெரிந்தே வைத்திருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும், தெரியாது என்று நிரூபிக்க வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவரின் வேலை. வண்டி ஓனருக்கும் அதே கதை. தனக்குத் தெரியாது, தன்னால் முடிந்த முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்தேன் என்று காட்டினால்தான் வண்டி பறிபோகாது. ஊர்க்காரன் கொடுத்தான், சொந்தக்காரன் கொடுத்தான் என்று மூடிய பையை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

அம்மாபேட்டை மருந்துக்கடை

நீங்கள் எல்லாரும் கஞ்சாவிலேயே நிற்கிறீர்கள். என் கடை வாசலுக்கு வருவது வேறு. ராத்திரி ஷட்டர் பாதி இறக்கிய நேரத்தில் வருவார்கள். போனில் ஒரு மருந்துச் சீட்டின் போட்டோ. மூலச் சீட்டு எங்கே என்றால் 'பாட்டிகிட்ட இருக்கு'. தேதியில் ஒன்று ஏழாகியிருக்கும். வேறு வேறு பையன், வேறு வேறு நோயாளி பெயர், டாக்டர் சீல் மட்டும் அதே சாய்வில் விழுந்திருக்கும். கேட்பது டாபென்டடால், ஆபரேஷன் முடிந்தவர்களுக்குக் கடும் வலிக்கு எழுதுகிற மாத்திரை. கூடவே ஊசியும் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

முன்பு டிரமடால் கேட்டார்கள். 2018இல் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. கெடுபிடி ஏறியதும் கூட்டம் இதற்குத் தாவிவிட்டது. தூக்க மாத்திரை வகையறாவுக்கு 2014 முதல் ஹெச்1 என்று தனிப் பதிவேடு இருக்கிறது: எழுதிய டாக்டர், நோயாளி, எத்தனை மாத்திரை எல்லாம் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நான் எழுதுகிறேன். இல்லை என்று சொல்லி அனுப்பிய ஒரு நாள், கடை பூட்டி வெளியே வந்தால் ஸ்கூட்டி சீட்டை நீளவாக்கில் பிளேடு போட்டிருந்தார்கள்.

இதை வாயில் போட்டு முழுங்குவதற்கு வாங்குவதில்லை, உடம்பில் ஊசியாக ஏற்றுகிறார்கள். மாத்திரையில் மருந்து கொஞ்சம்தான், மிச்சம் மாவு, டால்கம், பசை. வயிற்றுக்குப் போனால் தொந்தரவில்லை. ரத்தக்குழாயில் போனால் கரையாமல் அடைக்கும். கை வீங்கி, சீழ் கோத்து, விரல் கறுத்துப்போன ஒரு பையன் கட்டுப் போடப் பஞ்சு வாங்க என் கடைக்கே வந்தான். இருபத்திரண்டு வயதிருக்கும், தறிக்குப் போகிறவன். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டால் ஹெச்ஐவியும் ஹெபடைடிஸ் சியும் வரும் என்று அன்று சொன்னேன். 'நாங்க நாலு பேரும் ஃபிரண்ட்ஸ்தான் அண்ணா' என்றான். அதற்கு மேல் என்ன பேசுவது.

இப்போது கடைக்காரன் தயவே வேண்டாம், பார்சலில் வருகிறது. கூரியர் பையன் ஒருநாள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து 'சார், இது உங்களுதா? போன் எடுக்க மாட்டேங்கறாங்க' என்றான். மேலே என் கடை பெயர், என் முகவரி. போன் நம்பர் மட்டும் யாருடையதோ. வெளி மாநிலத்து மொத்த வியாபாரியிடம் என் கடை பெயரைச் சொல்லி ஆர்டர் போட்டிருக்கிறார்கள்! நானாகக் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தால் என் லைசென்ஸ் போயிருக்கும். அப்படியே மருந்து ஆய்வாளருக்குத் தகவல் கொடுத்து, எழுத்தில் புகாரும் கொடுத்தேன். மருந்துக்கடை வைத்திருப்பவர்கள் கூரியர் அலுவலகத்தில் உங்கள் பெயரில் என்னென்ன வருகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இரும்பாலை ரோடு

சுத்தி வளைக்காதீங்க. வடக்கன்ஸ் வந்த பிறகுதான் இதெல்லாம். கஞ்சா சாக்லேட் யார் கொண்டு வர்றா?

சூரமங்கலத்தான்

சாக்லேட் வருவது உண்மை. உ.பி. மாதிரி மாநிலங்களில் பாங்கு, அதாவது கஞ்சாச் செடியின் இலையை அரைத்தது, அரசு உரிமத்தோடு கடையில் விற்கிறது. இலையும் விதையும் மட்டும் என்றால் மத்தியச் சட்டத்தில் அது கஞ்சாவே ஆகாது. அந்தப் பழக்கத்தில் உருண்டையாகக் கொண்டுவந்து இங்கே மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ரயில் பையை இங்கே இறக்கிப் பொட்டலம் போட்டு விற்பவர்கள் நம்மூர் ஆட்கள்தான். ஒருகாலத்தில் கஞ்சா என்றால் கம்பம், தேனி என்போம், அப்போது எந்த வடக்கன் வந்தான்? உங்கள் கண்ணால் பார்த்தது ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

கொலுசுப்பட்டறை

எங்கள் வீட்டுக் கதை. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது சின்னக் கொலுசுப் பட்டறை. அக்கா மகன் பத்தாவது முடித்ததும் வேலைக்கு வந்தான். கைத்திறமை அப்படி, கொக்கியும் அரும்பும் பற்றவைத்தால் பொடி சிந்தாது. பள்ளிக்கூடத்திலேயே உதட்டுக்கடியில் கூல் லிப் என்கிற புகையிலைப் பொட்டலம் வைக்கிற பழக்கம் இருந்திருக்கிறது. குட்கா வகையறா 2013லிருந்து நம் மாநிலத்தில் தடை, பள்ளிக்கூடத்துப் பெட்டிக்கடைக்கு மட்டும் அது தெரியவில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் ஞாயிறு சாயந்தரம் கையில் பைசா இருக்காது. மதியம் வரை தூங்குவான், எழுந்தால் ஸ்வீட்டாகத் தின்பான். சட்டைப் பையில் கண் சொட்டு மருந்து. 'வெல்டிங் புகைல கண்ணு எரியுது சித்தி' என்பான். கஞ்சாவில் சிவக்கிற கண்ணுக்கு என்று தெரியாமல் நம்பினோம், பட்டறையில் எல்லாருக்கும்தானே எரிகிறது.

அப்புறம் சேதாரக் கணக்கு இடிக்க ஆரம்பித்தது. ராவிய வெள்ளித்தூளைச் சாயந்தரம் தட்டில் கூட்டி எடை போடுவோம். தினம் கொஞ்சம் குறையும். வீட்டுக்காரர் வேலைக்காரப் பெண்மேல் சந்தேகப்பட்டார். கடைசியில் இவன் செருப்பு வாருக்கு அடியில் பேப்பரில் மடித்து வைத்திருந்ததை அக்காவே கண்டுபிடித்தாள். அவள் அழவில்லை. செய்வினை என்று சொல்லிக் கயிறு கட்டப் போனாள்.

அங்கிருந்து நேராக ஒரு தனியார் மறுவாழ்வு மையம். பெயர் வேண்டாம். மூன்று மாதம் பார்க்க விடவில்லை. பார்த்தபோது மொட்டை அடித்து, முதுகில் தழும்பு. கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். இப்படிப்பட்ட இடங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. சேர்க்கிறவர்கள் சுவரில் அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

கடைசியில் பலன் கொடுத்தது பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவு ஓபி. டாக்டரம்மா அவனைத் திட்டவே இல்லை. 'ரெண்டு வாரம் தூக்கம் வராது, கோவம் வரும், சாப்பாடு இறங்காது. அப்பல்லாம் இவன்கூட சண்டை போடாதீங்க' என்று எங்களுக்குத்தான் பாடம் எடுத்தார். சொன்னபடியேதான் நடந்தது. ஒருநாள் சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தான். அக்கா பேசாமல் துடைத்துவிட்டு வேறு தட்டு வைத்தாள். இப்போது வேலைக்கு வருகிறான். வெள்ளித்தூள் பக்கம் நாங்கள் விடுவதில்லை, அவனும் கேட்பதில்லை. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு அவனே போய்வருகிறான்.

கோர்ட் வளாகம்

அக்கா, ஒன்று சேர்க்கிறேன். சொந்த உபயோகத்துக்கோ சிறிய அளவுக்கோ வழக்கில் சிக்கியவர், போதைக்கு அடிமையானவர் என்றால், தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுக்க 64ஏ பிரிவில் விலக்கு இருக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போகலாம். ஆஸ்பத்திரிச் சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரமாக வையுங்கள்.

கரியகோயில்

மலை என்றால் ஏற்காடு மட்டுமில்லை, கல்வராயனும் நம்ம மாவட்டத்துக்குள் வருகிறது. எங்கள் பக்கம் பிரச்சினை கஞ்சா இல்லை, சாராயம். வெல்லம், வேலம்பட்டை, கடுக்காய் போட்டுப் பேரலில் ஊறல் போடுவார்கள். ஓடை இருக்கிற இடமாகப் பார்த்து அடுப்பு வைப்பார்கள். சின்ன வயதில் ஆடு மேய்க்கும்போது அந்த வாடை வந்தால் வழியை மாற்றிப் போகச் சொல்வார் அப்பா.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயச் சாவு நடந்தபோது அப்பாவைச் சேர்த்து சேலம் அரசு ஆஸ்பத்திரியில் இருந்தேன். ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸ். ஒரு மனிதர் ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்த நிலையிலேயே, எதிரில் நின்ற மனைவியைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார். கண் போய்விட்டது. அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். அந்த மாசமே சட்டசபையில் திருத்த மசோதா நிறைவேறியது, சாவுக்குக் காரணமான சாராயம் விற்றால் ஆயுள் வரை.

அப்புறம் போலீஸ் மலைக்கு வந்து பேரல் பேரலாகக் கவிழ்த்தது. கவிழ்க்க வேண்டியதுதான், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் கருணாபுரத்தில் கொன்றது எங்கள் மலை ஊறல் இல்லை, மெத்தனால். தொழிற்சாலையில் கரைப்பானாகப் போக வேண்டிய விஷம். அது சமவெளியில் பேரல் கணக்கில் கைமாறி வந்தது. ஏற்காட்டுக்காரர் சொன்னதைப் படித்ததும் இதைத்தான் எழுதத் தோன்றியது. எல்லாவற்றுக்கும் மலையைக் கைகாட்டிவிட்டால் கீழே இருக்கிறவனுக்கு வசதி.

கிச்சிப்பாளையம்

எல்லாம் சரி, புகார் கொடுத்தால் பெயர் வெளியே வருமா? அதைச் சொல்லுங்கள்.

பொன்னம்மாபேட்டை

என் அனுபவம். எங்கள் தெரு முனையில் டீக்கடை பெஞ்ச், பக்கத்தில் பாழடைந்த வீடு. சாயந்தரமானால் பைக் வரும், ஒரு நிமிஷம் நிற்கும், போகும். முதலில் உள்ளூர் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். மறுநாளே ஒரு போலீஸ்காரர் அந்த டீக்கடையிலேயே நின்று 'இங்க யாருங்க போன் பண்ணது?' என்று சத்தமாக விசாரித்தார். நான் வடை தின்றுகொண்டிருந்தேன். தின்றுகொண்டே இருந்தேன்.

இரண்டாம் முறை 10581க்குப் பண்ணினேன், மாநிலம் முழுக்க இதற்கென்றே உள்ள இலவச எண். ஆள் பெயர் எதுவும் சொல்லவில்லை. இடம், நேரம், எந்தப் பக்கம் பைக் நிற்கும் என்பது மட்டும். என் பெயரை அவர்களும் வற்புறுத்திக் கேட்கவில்லை. சில நாளில் வெளி ஸ்டேஷன் ஆட்கள் சாதா உடையில் வந்து இரண்டு பேரைத் தூக்கினார்கள். சின்னப் பையன்கள், பொட்டலம் கொடுக்கிறவர்கள். சரக்கு கொண்டுவந்து இறக்குகிறவன் அன்று வரவில்லை.

இப்போது எங்கள் முனை சுத்தம். பைக்குகள் இரண்டு தெரு தள்ளி, மாரியம்மன் கோயில் பின்பக்கம் நிற்பதாகக் கேள்வி. அந்தத் தெருக்காரர் யாராவது இதைப் படித்தால், அடுத்த போன் உங்களுடையது.